பத்திரத்தில் ‘வெளிப்படையாக’ என்றால் என்ன?

பேச்சு வழக்கில் ‘வெளிப்படையாகச் சொல்கிறேன்’ என்றால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன் என்று பொருள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒளிவுமறைவோடு தொடர்பில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 9ஆம் பிரிவில், சொற்களால் தரப்படும் வாக்குறுதியை வெளிப்படையானது என்றும், பிற வழிகளில் தரப்படுவதை உட்கிடையானது என்றும் பிரிக்கிறது. பேருந்தில் ஏறி உட்கார்ந்தாலே கட்டணம் தர ஒப்புக்கொண்டதாகக் கொள்வது உட்கிடை. வாயால் சொன்னதும் வெளிப்படையே. அதை மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு.

இந்த வேறுபாடு அதிகமாகப் பாதிப்பது, பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் முதியவர்களை. சில ஆண்டுகளுக்கு முன், மகனுக்கு வீட்டைச் செட்டில்மெண்ட் செய்துவிட்டு, சாப்பாட்டுக்கே அவனை எதிர்பார்த்து நின்ற ஒரு அம்மா என்னிடம் வந்தார். அவருடைய பத்திரத்தில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று இருந்தது. ‘சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்றும் இருந்தது. கடைசிவரை அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற வரி மட்டும் எங்கும் இல்லை. “அது எங்களுக்குள் தெரிந்ததுதானே, சார்?” என்று கேட்டார்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், தீர்ப்பாயம் மூலம் ரத்து செய்ய வழி தருகிறது. அத்தகைய நிபந்தனை இருந்ததை நிறுவாமல் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் காரணமாகக் கூறப்பட்டிருந்தால் அதையே உட்கிடையான நிபந்தனையாகக் கொள்ளலாம் என்று முதியவர்களுக்குச் சாதகமாகப் பொருள் கொண்டது. ஆறுதலான தீர்ப்புதான். ஆனாலும் அதை நம்பி அந்த வரியை விட்டுவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

எழுதும்போதும் சொல்லில் கவனம் வேண்டும். ‘பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில்’ என்பது வெறும் எதிர்பார்ப்பு. ‘உணவு, உறைவிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை என் ஆயுள்வரை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு’ என்பதே வெளிப்படையான நிபந்தனை. இந்த வரியைப் படித்துக் காட்டும்போது சில மகன்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பேச்சு, பதிவுக்கு முந்தைய நாளே வீட்டில் நடந்துவிட்டால் நல்லது.