அந்த 4.7 மில்லி எங்கிருந்து வந்தது?

இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவிகளுக்குச் சென்ற மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்கும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டிலோ பக்கத்து மருந்துக்கடையிலோ இருக்கும் பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைப் படித்து, எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதி வாருங்கள். கேள்வி அவ்வளவுதான்.

48 நோட்டுகள் வந்தன. அவற்றில் 31 நோட்டுகளில் ஒரே விடை: 4.7 மி.லி.

குழந்தைக்குத் தேவை 150 மில்லிகிராம். அது 4.7 மில்லியில் அடங்க வேண்டுமானால், 5 மில்லியில் 160 மில்லிகிராம் உள்ள மருந்தாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவது 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் சிரப். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து என்றால் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். 160 என்பது அமெரிக்கக் குழந்தைகளின் பாட்டில். சில நோட்டுகளில் மருந்தின் பெயரே 'அசிட்டமினோஃபென்' என்று இருந்தது. பாராசிட்டமாலை அந்தப் பெயரில் அழைப்பது அமெரிக்கர்கள். இன்னும் சில நோட்டுகளில் குழந்தையின் எடை 22 பவுண்டு என்று தொடங்கி, 2.2ஆல் வகுத்து 10 கிலோ ஆக்கப்பட்டிருந்தது. நான் கிலோவில் கொடுத்த குழந்தையை யார் பவுண்டுக்கு மாற்றியது?

அந்த 31 பேரில் ஒருவர்கூடப் பாட்டிலைத் தொடவில்லை. கேள்வியைப் படம் எடுத்தால் விடை தரும் செயலிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பில் கடிந்துகொண்டேன், திரும்ப எழுதச் சொன்னேன். அதோடு விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்துக் குழந்தைகள் வார்டு போஸ்டிங்கில் ஒரு மாணவி 5 மில்லி சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். "4.7 மேடம். 10 கிலோ குழந்தை. நாம் வீட்டுப்பாடத்தில் போட்ட அதே கணக்கு" என்றாள். அவள் கையில் இருந்தது சொட்டு மருந்து பாட்டில். கொடுக்க வேண்டியது 1.5 மில்லி. சிரிஞ்சில் இருந்தது 470 மில்லிகிராம், வேண்டிய அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு வேளையோடு நின்றிருந்தால் பெரிய ஆபத்து இல்லாமல் போயிருக்கலாம். அதே அளவு ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தொடர்ந்திருந்தால், அந்தக் கல்லீரலின் கதி என்ன? மருந்தைக் கொட்டிவிட்டு, அவளை அருகில் உட்கார வைத்து மறுபடி கணக்கிடச் சொன்னேன். குழந்தையின் தாய் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

இருபது ஆண்டுகளாக மருந்துக் கணக்கு நடத்துகிறேன். எப்போது கேட்டாலும் மாணவிகள் சொல்வது ஒன்றுதான்: "விடை சரிதானே, மேடம்?" இந்த ஒரு கேள்விதான் என்னைப் பொறுமை இழக்கச் செய்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுப்பாடத்தின் விடை எனக்குத் தேவையில்லை. அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விடை உனக்கும் தேவையில்லை, ஏனென்றால் அந்தக் குழந்தை உலகத்தில் இல்லை. கேள்வியை ஏன் கொடுக்கிறேன்? லேபிளைப் படி, செறிவு (ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் மருந்து) என்ன என்று பார், அலகைப் பார், வகு, பெருக்கு, வந்த எண்ணைப் பார்த்து 'இது நம்பும்படியாக இருக்கிறதா' என்று உன்னையே கேள். இந்த ஆறு காரியங்களும் உன் கைக்குப் பழக வேண்டும். இரவுப் பணியில், மூன்று மணிக்கு, இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும்போது, யோசிக்காமலே உன் கண் லேபிளின் மேல் போக வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகத்தான் வீட்டுப்பாடம். பார்த்து எழுதிய நோட்டில் விடை சரியாக இருந்தாலும் அந்தப் பழக்கம் உன்னிடம் வந்திருக்காது. விடை தவறாக இருந்தாலோ இரண்டு நஷ்டம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் முன்பு கைக்குழந்தைகளுக்கு ஒரு செறிவு, வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரு செறிவு என்று இருந்தது. குழப்பத்தால் அளவு தவறிப்போகிறது என்பதால்தான் 2011இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் 160 என்ற ஒரே செறிவுக்கு மாறினார்கள். அங்கே அந்தக் கணக்கில் பாட்டிலைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவு வேலை இல்லை. நம்மிடம் மூன்று நான்கு செறிவுகள் ஒரே அலமாரியில் நிற்கின்றன. இங்கே எது மிகப் பெரிய ஆபத்தோ, அதைக் கண்ணில் காட்டாத கணக்கை எடுத்து வந்து எழுதுகிறீர்கள்.

இன்சுலினும் இப்படித்தான். அமெரிக்கப் பாடக் கேள்விகளில் வருவது மில்லிக்கு 100 யூனிட். நம் வார்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. இரண்டும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் '20' கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். 40 யூனிட் இன்சுலினை 100 சிரிஞ்சில் '20' கோடு வரை எடுத்தால் வெறும் 8. முதலாமவர் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். இரண்டாமவருக்குச் சர்க்கரை இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதிக அச்சம் தருவது இந்த இரண்டாவது.

டிரிப் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற, 20 சொட்டு ஒரு மில்லி என்ற செட்டில் (டிரிப் ஏற்றும் குழாயில்) நிமிடத்துக்கு 42 சொட்டு வேண்டும். பார்த்து எழுதும் நோட்டில் 31 என்று இருக்கும், காரணம் அங்கே எடுத்துக்கொண்டது 15 சொட்டு செட். 31 சொட்டில் ஓடவிட்டால் பாட்டில் முடிய ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். செட்டின் உறையிலேயே எண் அச்சிட்டிருக்கிறது, படியுங்கள்.

இது நர்சிங்கின் சிக்கல் மட்டும் இல்லை. பி.காம் நடத்தும் தோழி ஒருவர் சொன்னார்: சரக்கிருப்பு மதிப்பீட்டுக் கணக்கில், கடைசியில் வாங்கியது முதலில் விற்றது என்ற முறையில் விடை எழுதிக்கொண்டு வருகிறார்களாம். அமெரிக்காவில் அதற்கு அனுமதி உண்டு, இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் இல்லை. கணிதத் துறையில் இருப்பவர்களின் வருத்தம் வேறு வகை. நோட்டில் முழு மதிப்பெண் வாங்கிய தொகையீட்டுக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது.

கேள்வியைப் படம் எடுத்தால் படிப்படியாக விடை தரும் செயலிகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் நீ போடு. பேனாவால் போடு, அடித்துத் திருத்து. பிறகு சரிபார்க்க எதை வேண்டுமானாலும் பயன்படுத்து. இரண்டும் ஒத்துவரவில்லையா? அதுதான் நீ கற்றுக்கொள்ளும் இடம். நோட்டை என்னிடம் கொண்டு வா, தவறிய கணக்குக்காக நான் இதுவரை யாரையும் திட்டியதில்லை.

எண்ணை மட்டும் தனியாக எழுதாதீர்கள். 4.7 என்று எழுதினால் நோட்டைத் திருப்பித் தருவேன். எந்த மருந்து, மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், எந்த சிரிஞ்ச் அல்லது எந்த செட் என்பது ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் இருக்க வேண்டும். போன வருடம் போட்ட கணக்கை வார்டில் நினைவிலிருந்து எடுக்கக் கூடாது. குழந்தையின் எடை அதேதான் என்றாலும் மறுபடி போடு. கொடுப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கும் சிஸ்டரிடம் காட்டு. அவர் 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். எண்களை வரிசையாகக் கொடுத்து 'கணக்கிடுக' என்று கேட்டால் மாணவிகள் எங்கிருந்தாவது எடுத்துத்தான் எழுதுவார்கள். லேபிளைக் கொடுங்கள். பழைய காலிப் பாட்டில்களைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். முப்பது நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவதைவிட, பத்து மாணவிகளை அருகில் நிறுத்திப் போடவைத்துப் பார்ப்பது பயன் தரும். நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிரப் தீர்ந்துவிட்டது என்று அக்கா வீட்டுச் சொட்டு மருந்தை வாங்கி, சிரப்புக்குச் சொன்ன அதே அளவைக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டில் மாறினால் அளவும் மாறும். மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டுக் கொடுங்கள், தயவுசெய்து.

இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு: திங்கட்கிழமை காலை ஒவ்வொருவரும் ஒரு காலி மருந்து பாட்டில் கொண்டு வர வேண்டும், லேபிள் கிழியாமல். கேள்வியை அப்போது சொல்கிறேன்.