மயில் சுலபம், யானைதான் கஷ்டம்

பனியன் துணியில் நான்கு வண்ண ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது மயிலின் நீலத்தில் கொஞ்சம் பச்சை கூடிப்போனாலும் மயில் மயில்தான். யானையின் சாம்பலில் துளி சிவப்பு ஏறினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நான்கு வண்ணத்தில் கருப்பை விட்டால் மீதி சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), மஞ்சள். இந்த மூன்றையும் சம அளவில் அடித்தால் சாம்பல் வரவேண்டும். அடித்துப் பாருங்கள், பழுப்புதான் வரும். காரணம் மையிலேயே இருக்கிறது. சயான் சிவப்பு ஒளியை உறிஞ்சும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை என்பது கணக்கு. ஆனால் நிஜ சயான் மை கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்தே விழுங்கும். மெஜந்தா நீலத்திலும் கை வைக்கும். சிவப்பை உறிஞ்ச மட்டும் சயானுக்குப் பெரிதாகத் துணை இல்லை. அதனால் சிவப்பு மிச்சப்பட்டுத் திரும்பி வருகிறது. காகிதத்தில் அடிக்கும் ஆஃப்செட்டில் 50 சதவீத சயானுக்கு 40 மெஜந்தா, 40 மஞ்சள் என்று வைப்பது இதற்காகத்தான்.

சரி, அதே எண்களைத் துணிக்கும் போடலாமா? முடியாது. ஸ்கிரீனில் மை தடிமனாக விழுகிறது, படத்தை உருவாக்கும் சின்னச் சின்ன மைப் புள்ளி விளிம்பில் பரவுகிறது. ஸ்கிரீன் தயாரிக்கும் ஃபிலிமில் இடத்தில் 50 சதவீதத்தை மூடியிருந்த புள்ளி துணியில் 70 வரைகூடப் போகும். நடுத்தர சாம்பலில்தான் விளிம்பின் மொத்த நீளம் அதிகம், அதனால் வீக்கமும் அங்கேதான் அதிகம். போதாததற்கு நான்கு மெஷ்ஷின் (ஸ்கிரீனின் வலைத்துணி) இழுவிசையும், நான்கு ஸ்க்வீஜியின் (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) அழுத்தமும் ஒன்றுபோல இருப்பதில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரியும்: சயான் புள்ளி உருண்டையாக நிற்கும், பக்கத்தில் மெஜந்தா கசிந்து அண்டைப் புள்ளியைத் தொட்டிருக்கும். அந்த இடத்தில் யானை ரோஸாகிவிடும்.

என்னைக் கேட்டால், சாம்பலின் சுமையைக் கருப்பிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். படத்தை நான்கு வண்ணமாகப் பிரித்து செப்பரேஷன் எடுக்கும்போதே மூன்று வண்ணமும் சேர்ந்து விழும் இடங்களில் பொதுவான பங்கைக் கழித்துவிட்டு அதற்கு ஈடாகக் கருப்பை வைக்கலாம். அப்புறம் மெஜந்தா சற்று வீங்கினாலும், அங்கே கெடுக்கும் அளவுக்கு மெஜந்தாவே இருக்காது. வெளிர் சாம்பலில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. வெள்ளைத் துணியில் தனித்தனிக் கருப்புப் புள்ளி மணல் தூவியதுபோல் துருத்தும். தும்பிக்கை மேலே வெளிச்சம் படும் பகுதியை மூன்று வண்ணத்துக்கே விட்டுவிட வேண்டும்.

படத்தின் ஓரத்தில் இரண்டு கட்டங்களையும் சேர்த்து அடியுங்கள்: ஒன்று கருப்பு மட்டும், மற்றது மூன்று வண்ணக் கலவை. மை காய்ந்தபின், டியூப்லைட்டுக்கு அடியில் அல்ல, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். கலவை சிவந்திருந்தால் முதலில் மெஜந்தா ஸ்க்வீஜியின் அழுத்தத்தைப் பாருங்கள். மை டப்பாவை அதற்குப் பிறகு தொடலாம்.