யூவி டார்ச்ச மட்டும் நம்பி யுரேனியம் தேடாதீங்க

ராஜஸ்தான் மைக்கா பெல்ட்ல கைவிட்ட ஒரு பழைய சுரங்கத்துக்கு ஸ்டூடண்ட்ஸோட ஃபீல்டு போயிருந்தப்ப நடந்தது இது. இருட்டினதும் ஒரு தம்பி யூவி (புற ஊதா) டார்ச்ச எடுத்துக்கிட்டு கல்லு குவியல் பூரா அடிச்சுப் பாத்துட்டு, நீலமா மின்னின ஒரு ஃப்ளோரைட் கனிமத் துண்ட கொண்டுவந்து "சார், யுரேனியம் சார்"னு நீட்டினான். கதிர்வீச்ச அளக்குற கைகர் கவுண்டர வச்சா ஒண்ணுமே ஏறல. ஆனா மின்னலன்னு அவன் தூக்கிப் போட்ட இன்னொரு கல்லுகிட்ட போனதும் கவுண்டர் விடாம கத்த ஆரம்பிச்சிருச்சு.

அந்தக் கல்ல பாக்கணும் நீங்க. ஃபெல்ட்ஸ்பார்ங்கிற வெளிர் கனிமத்துக்கு நடுவுல பட்டாணி சைஸ்ல கன்னங்கரேல்னு ஒரு மணி, காஞ்ச தார் மாதிரி மினுமினுப்பு, சுத்தி மஞ்சளும் ஆரஞ்சுமா ஒரு விளிம்பு. அத ஒட்டின ஃபெல்ட்ஸ்பார் செங்கல் கலருக்கு மாறியிருந்துச்சு, குவார்ட்ஸ் லாந்தர் கண்ணாடில புகை புடிச்ச மாதிரி கருத்திருந்துச்சு, மணியிலேருந்து நாலாபக்கமும் விரிசல். கலர் மாறினது கோடிக்கணக்கான வருஷமா வாங்கின கதிர்வீச்சால. அந்த மணிதான் யுரேனினைட், யுரேனியம் இருக்குற கனிமம்.

யுரேனினைட் யூவில மின்னாதுங்க. ஆட்டுனைட்ங்கிற இன்னொரு யுரேனியக் கனிமம் மஞ்சப் பச்சையா பளீர்னு மின்னும், அந்த ஒண்ண பாத்துட்டுத்தான் எல்லாரும் யுரேனியம்னாலே மின்னும்னு நெனச்சிக்கிறாங்க. டார்பர்னைட்டும் யுரேனியக் கனிமந்தான், மரகதப் பச்சையில சின்னச் சின்ன சதுரத் தகடா அவ்ளோ அழகா இருக்கும், ஆனா அதுல இருக்குற செம்பு மின்ன விடாது. கார்னோடைட்ங்கிற யுரேனியக் கனிமம் மஞ்சத்தூள் பூசின மாதிரி இருக்கும், அதுவும் மின்னாது. இந்தப் பக்கம் மின்னுற கால்சைட், ஷீலைட்டுக்கெல்லாம் யுரேனியத்தோட சம்பந்தமே இல்ல.

கருப்புக் கல்லு கெடச்சா மொதல்ல கனம் பாருங்க. குவார்ட்ஸோட அடர்த்தி 2.65, நல்ல யுரேனினைட் 8க்கு மேல, அதாவது அதே சைஸுக்கு மூணு மடங்கு கனம். ஆனா இது பெரிய துண்டா கெடச்சாத்தான் உதவும். ஜார்க்கண்ட்ல 1967ல ஆரம்பிச்ச ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துப் பாறைல யுரேனியம் 0.1 சதவீதம்கூட கெடையாது, கண்ணுக்கு அது சாதாரண பாறைதான், அங்கல்லாம் கைகர் கவுண்டர் மாதிரி மீட்டர் இல்லாம வேலையே நடக்காது.

மீட்டரையும் கண்ண மூடிக்கிட்டு நம்பக் கூடாது. மொதல்ல அந்த எடத்தோட பேக்ரவுண்ட், அதாவது அங்க இயல்பாவே இருக்குற கதிர்வீச்சு, எவ்ளோன்னு எழுதி வச்சுக்கணும், கிரானைட்ல இருக்குற பொட்டாசியமே கொஞ்சம் ஏத்திக் காட்டும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல்லயும் நல்லாவே ஏறும், ஆனா அங்க காரணம் மோனசைட்ங்கிற கனிமத்துல இருக்குற தோரியம், அதுவும் கதிர்வீச்சு விடுற தனிமந்தான். எதனால ஏறுதுன்னு பிரிச்சுக் காட்ட காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும்.

எனக்கு உண்மையிலேயே பயமா இருக்குறது இந்தக் கல்ல வீட்டுக்கு கொண்டுபோறவங்கள நெனச்சாத்தான். பெட்ரூம் ஷெல்ஃப்ல வச்சா கல்லுலேருந்து ரேடான்ங்கிற கதிரியக்க வாயு வந்துட்டே இருக்கும், மூடின ரூம்ல அது சேரும், ரேடான மூச்சுல இழுத்தா நுரையீரல் கேன்சர் வர்ற ரிஸ்க் கூடும்னு உறுதியாவே தெரியும். சுத்தியலால உடைச்சு தூசிய மூச்சுல இழுக்குறது, நாக்குல தொட்டுப் பாக்குறது, எதுவும் வேணாம். டவுட்டா இருந்தா அங்கயே விட்டுட்டு, ஃபோட்டோவும் லொகேஷனும் எடுத்து அணுக் கனிம இயக்ககத்துக்கு தெரியப்படுத்துங்க, அவங்க வேலையே இதுதான்.

அன்னிக்கு அந்தத் தம்பி கல்லத் தொட்ட கையோட சாப்பாட்டு பார்சல பிரிக்கப் போனான், நான் கையப் புடிச்சு நிறுத்தி பாட்டில் தண்ணி ஊத்தி, சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவ வச்சேன், அப்புறந்தான் சாப்பிட விட்டேன்.