அயனி: 'போவது' என்று பொருள்படும் சொல்

ஓர் அணுவில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்கும்வரை அது மின்சுமையற்றது. மின்சுமை தாங்கினால் அது அயனி. எலக்ட்ரானை இழந்தால் நேரயனி ஆகும், ஏற்றால் எதிரயனி. சல்பேட், நைட்ரேட் போன்ற அணுத்தொகுதிகளும் மின்சுமை தாங்கினால் அயனிகளே. நேரயனி என்பதை 'புரோட்டானைப் பெற்ற அணு' என்று விடைத்தாளில் எழுதுவோர் உண்டு. அது தவறு. அணுக்கருவின் புரோட்டான் எண்ணிக்கை மாறினால் தனிமமே மாறிவிடும். இங்கே கூடுவதும் குறைவதும் எலக்ட்ரான் மட்டுமே.

சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்வோம். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டுள்ளன. குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று. சோடியம் கடைசி எலக்ட்ரானை விட்டுவிட்டு எட்டோடு நிற்கும். குளோரின் அதை வாங்கி எட்டை நிரப்பும். இதைச் சோடியம் 'விரும்பித் தருகிறது' என்று சொல்லிக்கொடுப்பதுதான் தவறு. வாயு நிலையில் ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் அலகு) சோடியத்திலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் ஆற்றல் கொடுக்க வேண்டும். குளோரின் அதை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல்தான். 147 கிலோஜூல் பற்றாக்குறை! இதை ஈடுகட்டுவது, எதிரெதிர் அயனிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல். உப்பு உருவாவதற்குக் காரணம் இந்தப் படிகக்கூடு ஆற்றல். சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 4562 கிலோஜூல் தேவை, ஒன்பது மடங்குக்கும் மேல். அதனால்தான் சோடியம் அயனி 1+ மின்சுமையுடன் நின்றுவிடுகிறது.

அளவும் மாறும். சோடியத்தின் ஆரம் 186 பிக்கோமீட்டரிலிருந்து 102 ஆகச் சுருங்கும். குளோரின் 99-இலிருந்து 181 ஆகப் பருக்கும்.

இரும்பில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான் அடுக்குகளின் உட்பிரிவுகளில் 4எஸ் துணைக்கூடு 3டி-க்கு முன்பே நிரம்புவதால், கடைசியாக வந்த 3டி எலக்ட்ரான்தான் முதலில் போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முதலில் வெளியேறுபவை 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும். இரும்பு 2+ அயனியில் ஆறு 3டி எலக்ட்ரான்களும் அப்படியே இருக்கும். மின்சுமையைக் குறிக்கும்போது எண் முன்னால், குறி பின்னால்: 2+ என்பதே முறை.

இனி சொல்லின் பிறப்பு. மின்னாற்பகுப்பை, அதாவது மின்னோட்டத்தால் பொருளைப் பிரிப்பதை, ஆராய்ந்துகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடேக்குப் புதிய பெயர்கள் தேவைப்பட்டன. 1834-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கிரேக்கத்தில் இயோன் (ஆங்கில ஒலிப்பில் அயான்) என்றால் 'போவது'. கரைசலில் மின்வாயை (மின்னோட்டம் நுழையும் அல்லது வெளியேறும் முனையை) நோக்கிப் போவதால் அந்தப் பெயர். அப்போது எலக்ட்ரானை யாரும் அறியவில்லை; ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல். ஆகவே சொல்லின் வேரில் மின்சுமை கிடையாது, பயணம்தான் உண்டு. மின்னோட்டம்தான் பொருளை அயனிகளாகப் பிரிக்கிறது என்று ஃபாரடே கருதினார். உப்பு நீரில் கரையும்போதே பிரிந்துவிடுகிறது என்ற கொள்கையை 1887-இல் முன்வைத்தவர் ஸ்வாண்டே அர்ரீனியஸ்.

ஆனோடு, கேத்தோடு என்ற பெயர்களும் அதே ஆண்டில் வந்தவை. மின்னோட்டம் ஞாயிறு போலக் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்வதாகக் கொண்டு, அது நுழையும் முனையை 'ஏறும் வழி' என்றும் வெளியேறும் முனையை 'இறங்கும் வழி' என்றும் அழைத்தார்கள். தமிழில் இது தலைகீழ். நமக்குக் கிழக்கு 'கீழ்', மேற்கு 'மேல்'. நாம் நிலத்தின் சரிவைப் பார்த்தோம், அவர்கள் ஞாயிற்றைப் பார்த்தார்கள்.

தமிழகப் பாடநூல்களின் அயனி, ஒலியைத் தழுவி அமைந்த சொல். ஆனாலும் அது பொருளிலும் பொருந்துகிறது. உத்தராயணத்தில் உள்ள வடமொழி 'அயனம்' என்பதற்கும் 'செல்லுதல்' என்றே பொருள். கிரேக்க இயோனும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. குமரி மாவட்டத்தாருக்கு அயனிச்சக்கை (காட்டுப் பலா) நினைவுக்கு வரலாம், அது வேறு சொல். இலங்கைப் பாடநூல்களில் அயன், கற்றயன் (நேரயனி), அன்னயன் (எதிரயனி) என்று வரும். அங்கே பிரமனைக் குறிக்கும் அயனோடு வடிவம் ஒத்துப்போனாலும் இடம் பார்த்தால் குழப்பமில்லை. மின்மவணு என்ற ஆக்கமும் உண்டு. மின்சுமையைச் சொல்கிறது, போவதைச் சொல்லவில்லை. எங்கள் தேர்வு அயனிதான். மின்னணு என்று மட்டும் எழுதக்கூடாது. அது எலக்ட்ரானுக்கும், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் போன்றவற்றுக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

மின்வாய்களின் தமிழ்ப்பெயர்களில்தான் உண்மையான சிக்கல். ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் எழுதுகிறோம். மின்னாற்பகுப்பில் இது சரி. ஆனால் துத்தநாகமும் தாமிரமும் கொண்ட டேனியல் மின்கலத்தில் எலக்ட்ரானை இழக்கும் துத்தநாகம்தான் ஆனோடு, அதன் முனையோ எதிர்க்குறி கொண்டது. 'நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது' என்று எழுத நேர்கிறது. குறியைச் சாராத பெயரைத்தான் ஹியூவெல் கொடுத்தார். மொழிபெயர்ப்பில் குறி நுழைந்துவிட்டது. எனவே மின்கலத்தைப் பற்றி எழுதும்போது ஆனோடு, கேத்தோடு என்றே எழுதுங்கள். அல்லது ஆக்சிஜனேற்ற (எலக்ட்ரான் இழப்பு நடக்கும்) மின்வாய், ஒடுக்க (எலக்ட்ரான் ஏற்பு நடக்கும்) மின்வாய் என்று, அங்கே நடக்கும் வினையால் பெயரிடுங்கள். அவை எந்தக் கலத்திலும் மாறாது.