கோஓர்டினேஷன் குறைந்தால் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தமில்லை

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு பிசியோதெரப்பிக்காகப் போனேன். மூளையில் இரத்தக்கட்டி வந்து வார்டிலிருந்து திரும்பியிருந்த ஐயா ஒருவர். நான் பையை வைக்கமுன்னரே மகள் ரிப்போர்ட்டை நீட்டினார். "பாருங்கோ மிஸ், அப்பா ஒத்துழைக்கிறாரில்லை எண்டு டொக்டரே எழுதியிருக்கிறார்."

அதில் இருந்த சொல் கோஓர்டினேஷன். மகள் அதைக் கோஓப்பரேஷன், அதாவது ஒத்துழைப்பு, என்று வாசித்துவிட்டார். இரண்டு வாரமாகத் தேத்தண்ணி சிந்தினாலும் ஏச்சு, சோறு சிதறினாலும் ஏச்சு. ஐயா பேசாமல் இருந்தார். எனக்கு மனசு கனத்துப்போனது.

கோஓர்டினேஷன் பல இடங்களில் புழங்கும் சொல். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் கூட்டத்தில் அது ஒருங்கிணைப்பு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோமே, அதுதான். கணிதப் புத்தகத்தில் கோஓர்டினேட் என்றால் ஆள்கூறு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயத்தொலைவு என்பார்கள். உயர்தர உயிரியலில் இயைபாக்கம். லத்தீனில் ஒழுங்கைக் குறிக்கும் சொல்தான் எல்லாவற்றுக்கும் வேர். மருத்துவ ரிப்போர்ட்டில் அது தசைகள் சரியான நேரத்தில், சரியான அளவில், ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்வதைச் சொல்கிறது. மனமொப்பி நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பலவீனமும் வேறு. அந்த ஐயா என் கையை இறுக்கிப் பிடித்தார், நல்ல பலம். ஆனால் தன் மூக்கையும் என் விரலையும் மாறிமாறித் தொடச் சொன்னபோது, விரல் கிட்ட வரவர நடுங்கி, இலக்கைத் தாண்டிப் போனது. குதிக்காலை மற்றக் காலின் முழங்காலில் வைத்துக் கீழே இழுக்கச் சொன்னால், குதி கீழ்க்கால் எலும்பை விட்டு விலகியது. இரண்டும் இடது பக்கத்தில்தான். தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளைதான் இந்த இசைவைப் பார்த்துக்கொள்கிறது. அதில் ஒரு பக்கம் பழுதானால் உடம்பிலும் அதே பக்கம்தான் தடுமாறும். கையில் பலம் இருப்பதைப் பார்க்கும் வீட்டார் "வேணுமெண்டே செய்யிறார்" என்று நினைப்பது இதனால்தான்.

இதற்குப் பயிற்சி உண்டு. சுவிஸ் மருத்துவர் பிரெங்கல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய முறையை இன்றும் பாவிக்கிறோம்: மெதுவாக, கண்ணால் பார்த்துக்கொண்டு, எண்ணி எண்ணித் திரும்பத் திரும்பச் செய்வது. அவசரப்படுத்தினால் தடுமாற்றம் கூடும். சாப்பிடும்போது முழங்கையை மேசையில் ஊன்றவிடுங்கள். கோப்பையை அரைவாசி மட்டும் நிரப்புங்கள், இரண்டு கைபிடி இருந்தால் இன்னும் நல்லது. மகளிடம் இதைச் சொன்னதும் அவர் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒன்று. ஒருவர் திடீரென்று குடித்தவர் போலத் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், தலை சுற்றி வாந்தி எடுத்தால், களைப்பு என்று படுக்க வைக்காதீர்கள். கை கால் பலம் குறையாமலே ஸ்ட்ரோக் வரலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.