கழுத்தில் பிறந்த தசை

சென்ற மாதம் ஒரு வாசகரிடமிருந்து கடிதம். வயது ஐம்பத்திரண்டு. இருபது ஆண்டுகளாக சார்கோட்–மேரி–டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். பாதம் தொங்கிப்போய், இப்போது சட்டைப் பொத்தான் போடுவதும் பெரும்பாடு. "அதெல்லாம் பழகிவிட்டது ஐயா. ஆறு மாதமாகப் புதிதாக ஒன்று. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம். குனிந்து செருப்பு வார் மாட்டினாலும் அதே கதை. ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கிறதாம். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 97. மனசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்."

நான் மருத்துவன் அல்ல; கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனாலும் படித்ததும் கை பரபரத்தது. படுத்தால் முட்டுகிறது, குனிந்தால் முட்டுகிறது, இதயத்திலோ கோளாறில்லை என்றால், அடுத்து விசாரிக்க வேண்டிய ஆசாமி உதரவிதானம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போலக் கிடக்கும் அந்தத் தசையைப் பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அது சுருங்கினால் கீழே இறங்கும். நுரையீரலுக்குள் காற்று வரும். இதற்குமேல் பாடப்புத்தகம் சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு எங்கிருந்து வருகிறது? பக்கத்திலிருக்கும் முதுகெலும்பிலிருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. கழுத்திலிருந்து வருகிறது. தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்பு வேர்களில் கிளம்பி, நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடையே புகுந்து, மார்பு முழுவதையும் கடந்து வந்து சேர்கிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஃபிரெனிக் நரம்பு என்று பெயர்.

ஏன் இந்தச் சுற்று வழி? கரு நான்கு வார அளவில் இருக்கும்போது உதரவிதானத்தின் முதல் விதை கழுத்து மட்டத்தில்தான் இருக்கிறது. தசையாகப் போகும் செல்களும் கழுத்துப் பகுதியிலிருந்தே வருகின்றன. நரம்பு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், அவற்றைப் பற்றிக்கொள்கிறது. பிறகு உடல் நீள்கிறது, இதயமும் நுரையீரலும் வளர்கின்றன, உதரவிதானம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. எட்டாம் வாரத்துக்குள் விலா எலும்புக் கூட்டின் அடிவிளிம்புக்கு வந்துவிடுகிறது. நரம்பு பிடியை விடாமல் கூடவே நீள்கிறது. திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் குடியேறியவர் ரேஷன் கார்டை மட்டும் பழைய விலாசத்திலேயே வைத்திருப்பது போல.

இதற்குச் சாட்சி நம் தோளில் இருக்கிறது. பித்தப்பை வீங்கி உதரவிதானத்தை உரசினால் சிலருக்கு வலது தோள்முனை வலிக்கும். தோளில் ஒன்றுமில்லை, தோள்முனைத் தோலின் உணர்வும் அதே கழுத்து வேர்களுக்குப் போவதால் மூளை விலாசத்தைக் குழப்பிக்கொள்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு மாணவன்கூடத் தன் தோளைத் தொட்டுப் பார்ப்பான்.

சார்கோட்–மேரி–டூத் நோய், 1886இல் விவரித்த மூவரின் பெயரைத் தாங்கியது. கைகால்களுக்கு ஓடும் நரம்புகளை அரிக்கும் நோய்; நீளமான நரம்பை முதலில் பிடிக்கும். அதனால்தான் பாதத்தில் ஆரம்பம். பெரும்பாலானவர்களுக்கு மூச்சு வரைக்கும் போவதில்லை. சிலருக்குப் போகிறது. அப்போது இந்தக் கழுத்து நரம்பும் மாட்டிக்கொள்கிறது.

உதரவிதானம் சோர்ந்தால், நிற்கும்போது பெரிதாகத் தெரியாது. குடலும் கல்லீரலும் தம் எடையால் கீழே தொங்குகின்றன. கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் சமாளிக்கின்றன. படுத்தாலோ வயிற்றுச் சரக்கெல்லாம் மேலேறி மார்பை அழுத்துகிறது. மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள், புத்தகம் எழும்பும். தளர்ந்த உதரவிதானம் உள்ளவருக்கு அது உள்ளே அமுங்கும்.

ஆக்சிஜன் 97 இருக்கும்போது எப்படி மூச்சு முட்டும்? 1963இல் கேம்பெல், ஹவெல் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். மூளை கேட்ட மூச்சுக்கும் தசை கொடுத்த மூச்சுக்கும் உள்ள பாக்கிதான் அந்தத் தவிப்பு. மேலும், விரலில் மாட்டும் கருவிக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. கனவு காணும் தூக்கத்தில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை ஏறக்குறைய எல்லாத் தசைகளையும் அணைத்துவிடுகிறது. மூச்சுத் தசைகளில் உதரவிதானத்துக்கு மட்டும்தான் இரவுப் பணி. அதுவும் தளர்ந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது எல்லாம் அதன் வேலை. இந்த நிலையில் அளந்து பார்க்காமல் வெறும் ஆக்சிஜன் வைப்பதும், தூக்க மாத்திரை கொடுப்பதும் ஆபத்து.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, நரம்பு என்ற சொல்லே. ரத்தக்குழாயில் போடுவது 'நரம்பு ஊசி'. சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம், அதற்கு லேகியம். நெஞ்சு அடைத்தால் 'வாயு'. உண்மையான நரம்பு நோயாளி இந்த இரைச்சலுக்கு நடுவே தன் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி மூச்சு போய்விடுகிறது. 'மனசுதான்' என்று சொன்னவருக்கு ஒரு செய்தி: பண்டைய கிரேக்கர்கள் மனத்துக்கும் உதரவிதானத்துக்கும் 'ஃபிரேன்' என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். அந்த அளவில் அவர் சொன்னது சரிதான்.

வாசகருக்கு எழுதிய பதிலில், நரம்பியல் மருத்துவரிடமும் நுரையீரல் மருத்துவரிடமும் ஒரே ஒரு கோரிக்கை வைக்கச் சொன்னேன்: ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் உட்கார்ந்து ஊதிய பிறகு, படுத்தும் ஊத வேண்டும். ஆரோக்கியமானவருக்குக் கொள்ளளவு 10 சதவீதத்துக்குள்தான் குறையும். 30 சதவீதம் குறைந்தால் உதரவிதானத்தின்மேல் சந்தேகம் விழ வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு ஒரு கட்டில். கோடிக்கணக்கில் ஸ்கேன் இயந்திரங்கள் வாங்குகிற நாட்டில் இந்தக் கட்டிலுக்குத்தான் பஞ்சம். அதுவரை இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, முன்னதாக முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுக்கவும், மார்பளவு தண்ணீரில் இறங்காமல் இருக்கவும் சொல்லியிருந்தேன். தண்ணீரும் வயிற்றை மேலே தள்ளும்.

போன வாரம் மறு கடிதம் வந்தது. உட்கார்ந்து 2.4 லிட்டர், படுத்து 1.5. இரவில் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் 'பைபேப்' கருவி கொடுத்திருக்கிறார்கள். காலைத் தலைவலி போய்விட்டதாம், தலையணை இரண்டாகிவிட்டதாம். முகமூடி அழுத்தி மூக்குத்தண்டில் புண் வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, கருவி கொடுத்தவர்களிடமே காட்டி முகத்துக்குப் பொருந்தும் முகமூடியைப் போட்டுப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். விரல்களுக்கு அந்தக் கொக்கி வசப்படாது என்பதால், பட்டையை மனைவிதான் மாட்டிவிடுகிறாராம்.