எச்சரிக்கை காட்டும் வரியில் தப்பு இல்லை

ட்ரூபல் என்பது பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட, வலைத்தளம் கட்ட உதவும் மென்பொருள். அதன் 7-ஆம் பதிப்பில் தளம் கட்டியவர்கள் பலரும் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருப்பார்கள்: ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடர்) முழு எண்ணையும் மட்டுமே புரட்ட முடியும் என்று அரே-ஃப்ளிப் ஃபங்ஷன் முறையிடும். அரே என்பது பட்டியல்; அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் அடையாளமாக ஒரு கீ இருக்கும். கீயையும் மதிப்பையும் இடம் மாற்றுவதுதான் இந்த ஃபங்ஷனின் வேலை. அது காட்டும் கோப்பைத் திறந்தால் ட்ரூபலின் சொந்த நிரல்தான் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள், தப்பு வேறெங்கோ இருக்கிறது.

டேட்டாபேஸில் உள்ள கட்டுரை, பயனர் எல்லாமே ட்ரூபலுக்கு என்டிட்டிகள், அதாவது தனித்தனி ஐடி உள்ள பொருள்கள். 12, 15, 20 என்று ஐடிகளை ஓர் அரேயில் போட்டுக் கேட்கிறோம். அவற்றில் எவை ஏற்கெனவே கேஷில் (முன்பு எடுத்ததை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, மீதிக்கு மட்டும் டேட்டாபேஸுக்குப் போனால் போதும். கேஷில் ஐடிதான் கீ. கீயோடு கீயை ஒப்பிடுவது சுலபம் என்பதால், நாம் தந்த அரேயைப் புரட்டி மதிப்புகளைக் கீகளாக்கிக்கொள்கிறது ட்ரூபல்.

சிக்கல் இங்கேதான். பிஎச்பி அரேயில் கீ என்பது முழு எண் அல்லது ஸ்ட்ரிங். "12" என்று ஸ்ட்ரிங்காக வந்தாலும் பிஎச்பி அதை எண்ணாக்கிக்கொள்ளும், அந்த அளவுக்குத் தாராளம். ஆனால் நல் (null, மதிப்பே இல்லை என்பதற்கான குறி) வந்தால்? அரேக்குள் இன்னோர் அரே வந்தால்? எச்சரித்துவிட்டு அந்த உறுப்பைத் தாண்டிப் போய்விடும். பக்கம் பாட்டுக்கு ஓடும், கேட்ட கட்டுரை மட்டும் வராது.

இரட்டை அரே எப்படி வருகிறது? ஒரு கட்டுரையை ஏற்றும் நோட்-லோட் ஃபங்ஷன் ஒற்றை ஐடியை வாங்கி, தானே அதை அரேக்குள் போட்டு உள்ளே அனுப்பும். நீங்கள் முன்பே அரேயாகக் கொடுத்திருந்தால் அரேக்குள் அரே. எந்த மாட்யூல் (ட்ரூபலில் சேர்க்கும் கூடுதல் நிரல்) அப்படிக் கொடுத்தது என்பதை எச்சரிக்கை சொல்லாது; பேக்ட்ரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை எடுத்து, அழைத்தவர் யார் என்று படிப்படியாக மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும்.

ட்ரூபல் 8-இல் இருந்து பல என்டிட்டிகளை ஏற்றும் ஃபங்ஷன், அரே வேண்டும் என்று வாசலிலேயே வகை கேட்கிறது. ஸ்ட்ரிங் கொடுத்தால் டைப்-எரர், அதாவது வகை தவறு என்ற பிழை. அந்தச் செய்தியில் எந்தக் கோப்பின் எந்த வரி அழைத்தது என்பதும் இருக்கும். தேடும் வேலை பாதி முடிந்தது.

சரி, நல் கொடுத்தால்? அதை மட்டும் உள்ளே விட்டுவிடும், எல்லா என்டிட்டிகளையும் ஏற்று என்ற பொருளில். நிரப்பாமல் விட்ட ஒரு ஃபீல்டிலிருந்து நல் வந்து, மொத்த டேபிளும் நினைவகத்துக்கு ஏறும். பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்குப் பயம் இதில்தான். காலி அரே கொடுத்தால் எதுவும் ஏறாது. அதனால் நல் வர வாய்ப்புள்ள இடத்தில் முன்கூட்டியே காலி அரேயாக மாற்றிவிடுகிறேன்.